குணா அண்ணையை மலையில் தனியே விட்டது

அடுத்த திங்கட்கிழமை முதல் இந்த மேசை உங்கள் இருவருடையது. ஓய்வு பெறுகிறேன் என்று சொல்லிக்கொள்ள என் வயது இடம் தராது. மகளுக்கு மூன்றரை வயது. இல்ஃபோர்டில், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே யாரும் பனியில் புதைவதில்லை. மிஞ்சிப்போனால் ஒரு பிள்ளையின் மூக்கில் பாசிமணி அடைத்துக்கொள்ளும். ஆனாலும் இத்தனை குளிர்காலம் இங்கே இருந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவது முறையில்லை என்று பட்டது. எழுத உட்கார்ந்ததும், சொல்வதுதான் முறையா என்ற சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தோடேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாமான்களை எப்படிச் சோதிப்பது, எப்படித் துடைத்து வைப்பது என்பதெல்லாம் கைநூலில் இருக்கிறது. கைநூலில் இல்லாதவர்கள் வாடிக்கையாளர்கள்.

லண்டனில் மலை இல்லை. அரை அங்குலப் பனி விழுந்தால் ரயில் நின்றுவிடும், பள்ளிக்கூடம் மூடிவிடும். அப்படிப்பட்ட ஊரில் பனிச்சரிவுப் பாதுகாப்புச் சாமான் வாடகைக்கு விடும் கடைக்கு யார் வருவார்கள் என்று என் வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். வருகிறார்கள். கணக்காளர்கள், பல் மருத்துவர்கள், வங்கியில் பெரிய பதவியில் இருப்பவர்கள். அவர்களில் பலர் சறுக்கி இறங்குபவர்கள். நமக்குத் தலையிடி தருபவர்கள் ஸ்னோமொபைல்காரர்கள். பனியில் ஓடும் மோட்டார் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறி, செங்குத்தான பனிச்சரிவில் முடிந்த அளவு உயரம் போய், வண்டி நின்றுபோவதற்குள் திருப்பி இறங்க வேண்டும். யாருடைய தடம் உயரத்தில் இருக்கிறதோ அவர் வென்றவர். பரிசு கிடையாது. மேலே ஒன்றும் இல்லை. போனவர் அப்படியே திரும்பி வர வேண்டும். இதற்காக விமானம் ஏறி மேற்குக் கனடா வரை போகிறார்கள்.

உங்களில் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர் முதல் நாளே என்னிடம் கேட்டார்: "அக்கா, நான் ஸ்னோவையே நேர்ல பார்த்ததில்லை. நான் போய் இவங்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறது?" நான் பார்த்ததும் ஒரே முறைதான். கடையிலிருந்து பயிற்சிக்கு அனுப்பினார்கள். போன நாள் முதல் தடிமன். மூக்கைச் சிந்தியபடியே பனிச்சரிவைப் பற்றிப் படித்து முடித்தேன். ஆகவே பயப்படாதீர்கள். நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியது பனியைப் பற்றி மட்டும் அல்ல.

ஒரு வங்கிக்காரர் வந்தார். காற்றுப்பை வாடகைக்கு எடுத்தார். அது முதுகுப்பை போல இருக்கும். பனி சரிந்து வரும்போது தோளில் இருக்கும் கைப்பிடியை இழுத்தால் பெரிய பலூன் விரிந்து, ஆளைப் பனிக்கு மேலே மிதக்க வைக்க உதவும். உதவும் என்றுதான் சொல்கிறேன். மரத்தில் மோதுவதை அது தடுக்காது. புத்தியும் கொடுக்காது. மனிதர் அதை மாட்டிக்கொண்டு எலிசபெத் லைன் ரயிலில் வீட்டுக்குப் போனார். கூட வந்த நண்பருக்குக் காட்டுவதற்காகக் கைப்பிடியை இழுத்தார். பலூன் பெட்டி நிறைய விரிந்தது. ரயிலில் ஒருவரும் தலை நிமிரவில்லையாம். பக்கத்தில் இருந்தவர் மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து தன் தொலைபேசியைத் தொடர்ந்து பார்த்தாராம்.

மறுநாள் அந்தச் சிவப்புப் பலூனைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். முகம் பூரித்திருந்தது. "அருமையாக வேலை செய்கிறது. இனி எனக்குப் பயமில்லை. அந்தச் சின்ன மலையை விட்டுவிட்டுப் பெரியதுக்கே போகலாம் என்று முடிவு செய்துவிட்டோம்," என்றார்.

இந்த வசனத்தை நினைவில் வையுங்கள். 'இனிப் பயமில்லை' என்று ஒருவர் சொன்னால் சாமானை உடனே கொடுக்காதீர்கள். முதலில் உட்கார வைத்து, எந்த மலை என்று கேளுங்கள். சாமான் வாங்கியதும் மலையை மாற்றுகிறவர்கள்தான் நம் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர். குடை வாங்கியவர் மழையைத் தேடிப் போவது போல.

இனி என் கதைக்கு வருகிறேன். வேறு யாருடைய கதையாக இருந்தாலும் இன்னும் நன்றாகக் கேலி செய்திருப்பேன்.

என் கணவர் செந்தூரன் யாருக்கும் 'இல்லை' என்று சொல்லத் தெரியாதவர். யாராவது வீடு மாறினால் பெட்டி தூக்கப் போவார். பந்தியில் மூன்றாம் தடவை சோறு போட வந்தாலும் கையை மறித்துப் பிடிக்க மாட்டார். அவருடைய நண்பர்கள் மூவர். மூவரும் அவரைவிட மூத்தவர்கள். பாலா அண்ணை எரிபொருள் நிலையம் வைத்திருக்கிறார். குணா அண்ணை கணக்காளர். மூன்றாமவர் பல் வைத்தியர். அதிகம் பேச மாட்டார், மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பார். ஒரு குளிர்காலம் இந்த மூவரும், கனடாவுக்குப் போய் ஸ்னோமொபைல் ஓடுவது என்று முடிவு செய்தார்கள். செந்தூரனும் சரி என்றார். அவர் எப்போது சரி என்று சொல்லாமல் விட்டார்?

அன்று மகளுக்குச் சோறூட்டியபடி கேட்டேன்.

"இஞ்சருங்கோ, போகாமல் விடேலாதோ?"

"டிக்கெட் போட்டாச்சு அபி. பாலா அண்ணையின்ர மச்சான் கால்கரியில இருக்கிறார். அவருக்கு மலை எல்லாம் தெரியுமாம்."

"மலையில என்ன வேலை செய்யிறார்?"

"இல்லை, ஊருக்குள்ளதான் வேலை. ஆனா ஜன்னலால பாத்தால் மலை தெரியுமாம்."

நான் அவரைப் பார்த்தேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சமாதானம் சொன்னார்: "நீர் என்னத்துக்குப் பயப்பிடுறீர்? உம்மட வேலையே உதுதானே. உம்மைக் கட்டின எனக்கு என்ன நடக்கப் போகுது?"

அதாவது, அவருடைய பாதுகாப்புச் சாமான் நான்.

நம் கடையின் வழக்கப்படி, சாமான் கொடுப்பதற்கு முன் குழுவுக்கு அரை நாள் பயிற்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நால்வரையும் வான்ஸ்டெட் பூங்காவுக்கு வரச் சொன்னேன். பீக்கன் என்ற சிறு கருவியை எல்லோரும் நெஞ்சில் கட்டிக்கொள்வார்கள். ஓடும்போது அது சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்தால், மற்றவர்கள் தங்கள் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றி, புதைந்தவரின் சமிக்ஞையைப் பின்தொடர்ந்து போய், நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, சவள் என்ற சிறு மண்வாரியால் கிண்டி எடுக்க வேண்டும். நேரம் நிமிடக் கணக்கில்தான் இருக்கும். நான் ஒரு பீக்கனைத் துணிப்பையில் சுற்றி, உதிர்ந்த இலைக் குவியல் ஒன்றின் அடியில் புதைத்துவிட்டு, "தொடங்குங்கோ" என்றேன்.

நால்வரும் விலையுயர்ந்த உடுப்பில், சந்திரனுக்குப் போகிறவர்கள் போல நின்றார்கள். பாலா அண்ணை ஒரு கையில் பீக்கனையும் மறு கையில் தொலைபேசியையும் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார். தொலைபேசி பக்கத்தில் இருந்தால் பீக்கன் குழம்பிவிடும் என்று அதற்குச் சற்று முன்புதான் சொல்லியிருந்தேன்.

"அது தெரியும் தங்கச்சி. இது சும்மா குறூப்பில போடுறதுக்கு."

பாலா அண்ணையின் பீக்கன் அவரை ஒரு குப்பைத் தொட்டிக்கு அழைத்துப் போனது. செந்தூரனும் பல் வைத்தியரும் வேகமாக, நம்பிக்கையோடு, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே இடத்தை நோக்கி வந்தார்கள். அந்த இடத்தில் குணா அண்ணை நின்றார். அவர் தன்னுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றவே இல்லை. அதனால் எல்லோரும் சேர்ந்து குணா அண்ணையைக் கண்டுபிடித்தார்கள். குணா அண்ணை புதைந்திருக்கவில்லை.

"என்ன, என்னைச் சுத்தி நிக்கிறியள்?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது, யாரோ ஒருவருடைய நாய் வந்து இலைக் குவியலைக் கிண்டி, என் துணிப்பையைக் கவ்விக்கொண்டு ஓடியது. அதைக் கண்டுபிடிக்க நாய்க்குப் பீக்கன் தேவைப்படவில்லை.

பாலா அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப நாயைக் கூட்டிக்கொண்டு போவம்!"

இரண்டாவது பயிற்சிதான் முக்கியமானது. அங்கே ஒரு சிறு மேடு உண்டு. குணா அண்ணையை அதன் மேலே நிற்க வைத்தேன். "அண்ணையின்ர வண்டி மேல பனியில இறுகிப் போச்சு. நீங்கள் கீழ நிக்கிறியள். என்ன செய்வியள்?"

நான் சொல்லி முடிக்கவில்லை. மூவரும் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு ஓடினார்கள். செந்தூரன்தான் முன்னால். மேட்டில் ஏறி, இல்லாத வண்டியைப் பிடித்துத் தள்ளினார்கள். "ஏலோ, ஒரு கை பிடி!" என்று பாலா அண்ணை கத்தினார்.

இங்கே நான் அவர்களைக் கேலி செய்வது நியாயமா என்று இன்றும் தெரியவில்லை. நம் ஆட்கள் அப்படித்தான். கல்யாண மண்டப வாசலில் ஒருவருடைய கார் கிளம்பாவிட்டால், மாப்பிள்ளை உட்பட எல்லோரும் இறங்கித் தள்ளுவார்கள். தள்ளாமல் நின்றவரைப் பற்றி அடுத்த கல்யாணம் வரை பேசுவார்கள். அகதியாக வந்த காலத்தில் ஒருவரை ஒருவர் தள்ளித்தான் இந்த ஊரில் நிமிர்ந்தார்கள். ஆனால் பனிமலையில் அதுதான் கொல்லும். சரிவு ஒருவரின் பாரத்தைத் தாங்கும். உதவிக்கு இரண்டாமவர் ஏறும்போது உடையும். உடைந்தால் மேலே நின்ற இருவரும் போவார்கள், கீழே கூடி நின்று வேடிக்கை பார்த்தவர்களும் போவார்கள். கிண்டி எடுக்க ஆள் மிஞ்சாது.

"நீங்கள் நாலு பேரும் செத்துப் போனியள்," என்றேன். "ஆராவது சிக்கினால் ஒருத்தரும் மேல போகக்கூடாது. அவர் தன்ர சவளால தானே கிண்டி இறங்க வேணும். மற்ற ஆக்கள் சரிவை விட்டு விலகி, தூர நிண்டு பாக்க வேணும்."

குணா அண்ணை மேட்டிலிருந்து இறங்கி வந்தார். முகம் சுருங்கியிருந்தது. "தங்கச்சி, நான் அங்க தனியக் கிண்ட, இவங்கள் கீழ நிண்டு பாக்கிறதோ? அப்பிடியெண்டா என்னத்துக்குச் சிநேகிதம்?"

"கிண்டுறதுக்கு உங்களிட்டச் சவள் இருக்குதோ அண்ணை?"

இருந்தது. சொந்தமாகவே வாங்கியிருந்தார். முதுகுப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பிளாஸ்டிக் உறையும், விலைச் சீட்டும் அப்படியே தொங்கின. பாவிக்காவிட்டால் கடையில் திருப்பிக் கொடுக்கலாமாம்.

மறுநாள் பாலா அண்ணை காற்றுப்பைகளை எடுத்துப் போகக் கடைக்கு வருவதாக இருந்தது. பயிற்சியில் தேறாதவர்களுக்குச் சாமான் கொடுக்காமல் விட எனக்கு உரிமை உண்டு. உங்களுக்கும் உண்டு. அன்றிரவு முழுக்க மனம் ஊசலாடியது. கொடுத்தால், அந்த வங்கிக்காரரைப் போலத் துணிச்சல் கூடி இன்னும் உயரம் போவார்கள். கொடுக்காவிட்டால், போகாமல் இருக்கப் போவதில்லை. வெறும் முதுகோடு போவார்கள். அந்த நால்வரில் ஒருவர் என் பிள்ளையின் தகப்பன்.

காலையில் நம் முகாமையாளரிடம் போனேன். அவர் முன்பு மலை மீட்புக் குழுவில் இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாவற்றையும் சொன்னேன். நாய் வரைக்கும் சொன்னேன். அவர் நாய்க்குச் சிரித்தார். பிறகு, "அந்த மேசையில் இருப்பது நீ" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் சாண்ட்விச்சைப் பிரித்தார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது உங்களுக்கு நான் செய்வதும் அதுதான். இந்தக் கடையில் இதற்கு மேல் ஆலோசனை கிடைக்காது.

பாலா அண்ணை வந்தார். நான் காற்றுப்பைகளை மேசையில் வைத்தேன், கையை எடுக்கவில்லை.

"ஒரு நிபந்தனை அண்ணை. ஒவ்வொரு சரிவுக்குக் கீழயும், ஏறப் போற ஒரு ஆளைத் தவிர மற்ற எல்லாற்ற வண்டித் திறப்பும் ஒருத்தரிட்ட இருக்க வேணும். மேல போனவர் இறங்கின பிறகுதான் அடுத்தவருக்குத் திறப்பு." கோயம்புத்தூர்க்காரருக்காக: திறப்பு என்றால் சாவி.

"சின்னப் பிள்ளையளைப் போல நடத்துறீர்."

"நேற்று நாய் வெண்டது அண்ணை."

அவர் யோசித்தார். பிறகு சிரித்தார். "சரி, திறப்பு வைச்சிருக்கிற வேலையை உம்மட அவருக்கே குடுக்கிறம். அவன்தான் நல்லவன், ஆர் கேட்டாலும் குடுத்திடுவான்."

நான் பயந்ததும் அதைத்தான். ஆனாலும் கையை எடுத்தேன்.

போன பின் வந்த நாள்களை நீட்ட விரும்பவில்லை. பனிச்சரிவு அபாயத்தை அங்கே ஐந்து நிலைகளாகச் சொல்வார்கள். தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். கூலிக்கு அமர்த்திய வழிகாட்டியோடு வண்டி ஓடிய நாள்கள் முடிந்து, கால்கரி மச்சான் மட்டும் கூடப் போகும் கடைசி நாளன்று அது மூன்றில் நின்றது. பாலா அண்ணையின் குரல்பதிவு ஒன்றை செந்தூரன் எனக்கு அனுப்பினார்: "அஞ்சில மூண்டெண்டா அறுபது மார்க். நல்ல பாஸ்!" மூன்றாம் நிலையில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நான்கு என்றால் பயந்து வீட்டில் இருப்பார்கள். மூன்று என்பது தேர்ச்சி போலத் தெரியும். இதை உங்கள் பயிற்சியில் கட்டாயம் சொல்லுங்கள், முக்கியமாகப் பரீட்சையில் நன்றாகச் செய்தவர்களுக்கு.

அன்று மாலை மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். அங்கே நண்பகல். தொலைபேசி அதிர்ந்தது. பாலா அண்ணை தலைக்கவச ஒளிப்படக்கருவியில் எடுத்த காணொளியைக் குடும்பங்களும் இருக்கும் குறூப்பில் போட்டிருந்தார். கீழே எழுதியிருந்தார்: 'நண்பேன்டா!' பக்கத்தில் சிரிக்கும் முகங்கள்.

ஈரக் கையோடு பார்த்தேன். வெள்ளைச் சரிவு. பாலா அண்ணையின் தடத்துக்கும் மேலே, ஒரு கறுப்புப் புள்ளி. குணா அண்ணை. பாலா அண்ணையை வெல்லப் போய் வண்டி பாதிக்கு மேல் பனியில் இறங்கி நின்றுவிட்டது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

பாலா அண்ணையின் குரல்: "கூப்பிடுறான் பார். டேய் செந்தூரன், திறப்பைத் தா."

"தரேலாது அண்ணை."

எனக்குக் குரல் பிழையாகக் கேட்டதோ என்று திரும்பவும் ஓட விட்டேன். செந்தூரன்தான்.

"விசர்க் கதை கதையாதை. அவன் அங்க தனிய நிக்கிறான்."

"நிக்கட்டும். சவள் வைச்சிருக்கிறார்தானே."

"மனுசத் தன்மை இல்லையோடா உனக்கு?"

கால்கரி மச்சானின் குரல்: "இது சின்னச் சரிவு தம்பி. இஞ்ச ஒண்டும் நடந்ததா நான் கேள்விப்படேல்லை."

"அண்ணை," என்றார் செந்தூரன். "நீங்களும் மேல போய் அது சரிஞ்சா, நான் ஆரை முதல் கிண்டுறது? சொல்லுங்கோ. உங்களையோ, அவரையோ?"

படம் ஒருமுறை குலுங்கி, மேலே நின்ற கறுப்புப் புள்ளிக்குத் திரும்பியது. பிறகு பாலா அண்ணை, "மனிசி சொன்னதுதான் உனக்கு வேதம்," என்றார்.

"ஓம்."

சொல்லிவிட்டு அவர் திரும்பி, எல்லாத் திறப்பும் சட்டைப் பையில் கிலுகிலுக்க, பக்கத்து மரக்கூட்டத்தை நோக்கி முழங்கால் ஆழப் பனியில் நடக்கத் தொடங்கினார். மற்ற மூவரும் அவரைத் திட்டிக்கொண்டே பின்னால் போனார்கள். திறப்பு அவரிடம்தானே இருந்தது. அப்படித் திட்டித் திட்டியே, சரிவு உடைந்தால் பனி வந்து குவியும் இடத்திலிருந்து மூவரும் வெளியே வந்துவிட்டார்கள். அது அவர்களுக்குத் தெரியவில்லை. காணொளி அங்கே முடிந்தது. குளியல் தொட்டியில் இருந்த மகள், "அப்பா எங்க போறார்?" என்று கேட்டாள்.

பிறகு கேட்டேன், அவர்களை வெளியே இழுப்பதற்காகத்தான் அப்படி நடந்தாரா என்று. "இல்லை அபி. கால் நடுங்கினது. நிண்டால் தெரிஞ்சுபோம் எண்டு நடந்தனான்," என்றார். உங்கள் கைநூலில் இதை யாரும் எழுத மாட்டார்கள்.

சரி, என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. குணா அண்ணை உறையைக் கிழித்துச் சவளை எடுத்து, தனியே கிண்டி, வியர்த்து வழிய இறங்கி வந்தார். சரிவு அசையவில்லை. அன்று மட்டுமல்ல, அந்த வாரமும் அசையவில்லை. நான் இங்கிருந்து தேடித் தேடிப் பார்த்தேன். ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து ஒரு சின்னத் துண்டாவது சரியக் கூடாதா என்று மனதுக்குள் வேண்டியிருக்கிறேன். என் கணவர் சரி என்று காட்ட ஒரு மலை உடைய வேண்டும் என்று ஆசைப்பட்ட பெண்ணிடமிருந்துதான் நீங்கள் இந்த மேசையை வாங்குகிறீர்கள்.

நம் தொழிலின் கூலி இதுதான். நாம் சொன்னதைக் கேட்காதவர் புதைந்தால் நாம் சரி. கேட்டவர் உயிரோடு வந்தால், "ஒண்டும் நடக்கேல்லைதானே" என்பார்.

குணா அண்ணை திரும்பி வந்த விமானத்தில் செந்தூரனோடு பேசவில்லை. பிறகு பேசினார், பேசாமல் இருந்திருக்கலாம். மகளின் பிறந்தநாள் மண்டபத்தில் ஒருவருடைய கதிரை மேசைக்குள் சிக்கிக்கொண்டது. குணா அண்ணை எல்லோருக்கும் கேட்க, "செந்தூரனைக் கூப்பிடாதேங்கோ. அவன் தூர நிண்டுதான் பாப்பான்," என்றார். சபை சிரித்தது. செந்தூரனும் சிரித்தார். நான் கேக் வெட்டினேன். கொஞ்சம் பலமாகவே வெட்டினேன். ஒரு வருடம் முழுக்க, கார் கிளம்பாத இடம், பெட்டி தூக்கும் இடம், சோறு பரிமாறும் இடம் எல்லாவற்றிலும் அந்தப் பகிடி எங்களுக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தது. நான் அந்த நிபந்தனை போட்டிருக்கக்கூடாதோ, வேறு யாரிடமாவது திறப்பைக் கொடுக்கச் சொல்லியிருக்கலாமோ என்று நினைக்காத நாளில்லை.

போன வாரம் குணா அண்ணை கடைக்கு வந்தார். உங்களில் பிளேஸ்டோவிலிருந்து வருபவர்தான் மேசையில் இருந்தார். நான் பின்னால் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். குணா அண்ணை என்னைக் கவனிக்கவில்லை. பெப்ரவரிப் பயணத்துக்கு முற்பதிவு செய்துவிட்டு, விரிவுரையைத் தொடங்கினார்.

"பிள்ளை, மலையில ஒராள் சிக்கினால் மற்ற ஆக்கள் மேல போகவே கூடாது. உணர்ச்சிவசப்படக்கூடாது. அது என்ர கொள்கை. போன முறை நான் சிக்கேக்க ஒருத்தரையும் வரவிடேல்லை."

நான் பைகளோடு முன்னால் வந்தேன். அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு, சவளை மேசைமேல் வைத்தார். விலைச் சீட்டு இல்லை. விளிம்பில் சிறு நெளிவு.

"இதைத் திருப்பிக் குடுக்கேலாமல் போச்சு தங்கச்சி."

பிளேஸ்டோப் பிள்ளை அளவு பார்க்கக் காற்றுப்பை எடுத்து வர உள்ளே போனார். குணா அண்ணை குரலைத் தாழ்த்தினார்.

"செந்தூரன் வாறானோ?"

"நான் அவரை இன்னும் கேக்கேல்லை அண்ணை. நீங்கள்தான் அவரைக் கூப்பிட வேண்டாமெண்டு சபையில சொன்னனீங்கள்."

"அது பகிடி." சவளின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "அண்டைக்கு மேல வண்டியால இறங்கி முதல் அடி வைக்கேக்க, பனிக்குள்ள ஒரு சத்தம் கேட்டது. பெரிய மெத்தையில ஆரோ தொப்பெண்டு விழுந்த மாதிரி. காலுக்குக் கீழ எல்லாம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது."

கையில் இருந்த பைகளை மேசையில் வைத்தேன். அந்தச் சத்தத்தைப் பற்றி நாங்கள் ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்கிறோம். பனிக்குள் இருக்கும் பலவீனமான அடுக்கு உடையும் சத்தம் அது. மலை கடைசியாகத் தரும் எச்சரிக்கை.

"அவங்களைக் கூப்பிட நான் கையை ஆட்டேல்லை தங்கச்சி. வராதேங்கோ எண்டுதான் ஆட்டினனான். பாலா வெளிக்கிடுறதைப் பாத்தனான். பேந்து உம்மட அவன் நடந்து போறதையும், எல்லாரும் பின்னால போறதையும் பாத்தனான். அப்பதான் எனக்கு மூச்சு வந்தது."

"இதை ஏன் அண்ணை இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இதுகூடவா தெரியாது என்ற பார்வை.

"சொன்னால் மனிசி திரும்பப் போக விடமாட்டாள்தானே. இப்பவும், செந்தூரன் வந்தால்தான் போகலாம் எண்டு நிக்கிறாள். அவளுக்கு ஒண்டும் தெரியாது. ஆனா அந்த வீடியோவைப் பாத்தவள்."

ஒரு வருடம். என் கணவரைப் பார்த்துச் சபை சபையாகச் சிரிக்க வைத்த அந்த ஒரு வருடமும், இந்த மனிதருக்கு அந்தச் சத்தம் தெரியும். அதை அங்கேயே கேட்டுவிட வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து பிளேஸ்டோப் பிள்ளை காற்றுப்பையோடு வந்துவிட்டார். "சிவப்பு இல்லையோ?" என்று குணா அண்ணை அவரிடம் கேட்டார்.

அன்று மாலை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் செந்தூரனிடம் சொன்னேன். மகள் அவர் மடியில் இருந்து இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவர் துள்ளுவார், குறூப்பில் எழுதுவார், குறைந்தது பாலா அண்ணைக்காவது தொலைபேசி எடுப்பார் என்று காத்திருந்தேன். நல்ல வேளை நாங்கள் இனி அந்தப் பக்கமே போகத் தேவையில்லை என்று நானே சொல்லி முடித்தேன்.

அவர் மகளின் விரலில் ஒட்டியிருந்த இட்லியைத் துடைத்துவிட்டார். பிறகு கேட்டார்: "நான் போகாட்டி, திறப்பை ஆர் வைச்சிருக்கிறது?"

சிக்கினவருக்கு உதவ ஒருவரும் மேலே போகக்கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான். அவர் போகிறார். அந்த மூவரும் அவர் இல்லாமலும் போவார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆகவே என்னால் போகாதீர்கள் என்று சொல்ல முடியவில்லை. போங்கள் என்றும் இன்னும் சொல்லவில்லை. பெப்ரவரிக்கு நாள் இருக்கிறது.

நான் அப்போது இந்த மேசையில் இருக்க மாட்டேன். நால்வரும் பயிற்சிக்கு உங்களிடம் வருவார்கள். நல்லவர்கள், நன்றாகச் சிரிக்க வைப்பார்கள். சிரியுங்கள், ஆனால் சாமான்மேல் வைத்த கையை எடுக்காதீர்கள். என் கணவரின் பீக்கனை இரண்டு முறை சோதியுங்கள். மற்றவர்களுடையதை ஒரு முறை பார்த்தால் போதும். இல்லை, எல்லாருடையதையும் இரண்டு முறை பாருங்கள். பாலா அண்ணை அபாய நிலை எத்தனை மார்க் என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். குணா அண்ணையின் நெஞ்சுப் பையில், பீக்கனுக்குப் பக்கத்தில் தொலைபேசி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

இருக்கும்.